அலுவலகக் கோப்பில் கண்டதைப் பத்திரிகைக்குக் கொடுப்பது துரோகமா?

கேட்டவர் கடலூர் மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் ஒப்பந்த அடிப்படையில் கணினி இயக்குபவராக இருக்கிறார். ஒரு கிராமத்தின் ஆழ்துளைக் கிணற்று நீருக்கு இரண்டு பரிசோதனை அறிக்கைகள் கோப்பில் இருப்பதாகவும், முதல் அறிக்கையில் ஈயம் வரம்புக்கு மேல் என்று இருப்பதாகவும், ஊராட்சிக்கு அனுப்பப்பட்டது 'குடிக்கத் தகுந்தது' என்று சொல்லும் இரண்டாவது அறிக்கை மட்டுமே என்றும், முதலாவதன் மேல் 'ரகசியம்' என்று எழுதித் தனி உறையில் வைத்துவிட்டார்கள் என்றும் சொல்கிறார். அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறார். தெரிந்த நிருபரிடம் கொடுத்தால் தேசத்துரோகம் ஆகுமா, கொடுக்காமல் இருந்தால் பாவம் ஆகுமா என்பது கேள்வி. இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. சட்டம் என்ன சொல்கிறது என்பது ஒன்று. எது நியாயம் என்பது இன்னொன்று. 'மனைவியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள்' என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாரே, அதில் இருக்கிறது மூன்றாவது: நான் கொடுத்துவிட்டால், வாங்கிக்கொள்பவர்கள் என்னை என்ன செய்வார்கள்? கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்திலும் புதுச்சேரியிலும் அரசு ஊழியர்களின் பணி வழக்குகளையும் தகவல் உரிமை மேல்முறையீடுகளையும் பல ஆண்டுகளாக நடத்தி வருகிற வழக்கறிஞன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அந்தக் காகிதங்களை நான் பார்க்கவில்லை. ஆகவே கோப்பில் நடந்தது மோசடியா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு இடமில்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் ஊறு செய்வது பற்றிய குற்றப் பிரிவுக்கும் ஒரு கிராமத்தின் குடிநீர் அறிக்கைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 'தேசத்துரோகம்' என்ற அச்சத்தை விட்டுவிடலாம். அலுவலகங்களில் மிரட்டலுக்குப் பயன்படுகிற சட்டம் வேறு. 1889-இல் தொடங்கி, வைசிராய் கர்சன் காலத்தில் 1904-இல் கடுமையாக்கப்பட்டு, 1923-இல் இன்றைய வடிவத்தைப் பெற்ற அலுவல் ரகசியச் சட்டம் அது. அதன் 5-ஆவது பிரிவு, பதவியின் வழியாகக் கிடைத்த ரகசியத் தகவலை அனுமதியில்லாத ஒருவருக்குக் கொடுப்பவரையும், தெரிந்தே வாங்குபவரையும் ஒருசேரக் குற்றவாளியாக்குகிறது. 3 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். அரசின் ஒப்பந்தத்தை எடுத்தவரிடம் வேலை செய்பவரும் அதன் வாசகத்துக்குள் வருகிறார். ஆகவே 'நான் நிரந்தர ஊழியர் இல்லையே' என்பது காப்பாகாது. எது ரகசியம் என்று அந்தச் சட்டம் வரையறுக்கவே இல்லை என்பது அதன் பெரிய குறை. 2006-இல் இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் இதை நீக்கிவிடலாம் என்றே பரிந்துரைத்தது; சட்டம் இன்னும் இருக்கிறது. அரசின் ஆணையோ அதிகாரமோ பெற்றுத் தரப்படும் முறையீடு இல்லாமல் எந்த நீதிமன்றமும் இந்தக் குற்றத்தை விசாரணைக்கு எடுக்க முடியாது என்ற ஒரு தடுப்பு மட்டும் உண்டு. அந்தத் தடுப்பும் எல்லோரையும் காத்துவிடவில்லை. 2002-இல் கைதான பத்திரிகையாளர் இஃப்திகார் கிலானியிடம் இருந்த ஆவணம் ஏற்கெனவே வெளியே கிடைத்துக்கொண்டிருந்த ஒன்று. அதை அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டு வழக்கைக் கைவிடும்வரை சுமார் 7 மாதம் அவர் சிறையில் இருந்தார்.

உங்கள் நிலையில் இருப்பவருக்கு நடைமுறையில் இந்தச் சட்டத்தைவிடப் பக்கத்தில் நிற்கும் ஆபத்து வேலை. நிரந்தர ஊழியராக இருந்தால், தமிழ்நாட்டில் 1973-ஆம் ஆண்டின் நடத்தை விதிகளை மீறியதாக, ஒழுங்கு நடவடிக்கையைத் தொடங்கும் 17(பி) குறிப்பாணை வரும். புதுச்சேரி என்றால் மத்தியப் பணியாளர் விதிகளின்படி 14-ஆவது விதியின் கீழ் குற்றச்சாட்டு வரும். இரண்டிலும் விளக்கம் கேட்பார்கள், விசாரணை அதிகாரி இருப்பார், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம், மேல்முறையீடு உண்டு. இப்படிப்பட்ட விசாரணைகளில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன், அந்த நடைமுறை எவ்வளவு அலுப்பூட்டினாலும் அதுதான் ஊழியரின் கவசம். ஒப்பந்தப் பணியாளருக்கு அது கிடையாது. 'நாளை முதல் வர வேண்டாம்' என்று ஆள் அனுப்பும் ஒப்பந்த முகவர் கைப்பேசியில் சொன்னால் முடிந்தது. இதைத் தெரிந்துகொண்டுதான் நீங்கள் முடிவெடுக்க வேண்டும்.

சட்டத்தின் மறுபக்கத்துக்கு வருகிறேன். 1975-இல் ராஜ் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொது ஊழியர்கள் பொதுவாழ்வில் செய்கிற ஒவ்வொன்றையும் அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என்று சொன்னது. 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதைச் செயல்முறைக்குக் கொண்டுவந்தது. அதன் 22-ஆவது பிரிவு, அலுவல் ரகசியச் சட்டத்தோடு முரண்பட்டால் இந்தச் சட்டமே மேலோங்கும் என்கிறது. 8(2) பிரிவு, வெளியிடுவதால் வரும் பொதுநலன் தீங்கைவிடப் பெரிது என்றால், அலுவல் ரகசியச் சட்டம் இருந்தாலும் தகவலைத் தரலாம் என்கிறது. ரஃபேல் விமானக் கொள்முதல் ஆவணங்களைத் 'தி இந்து' நாளிதழ் வெளியிட்டபின் அவை திருடப்பட்டவை என்று அரசுத் தரப்பு வாதிட்டபோது, 2019 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆட்சேபத்தை ஏற்கவில்லை. ஆவணம் எப்படிக் கைக்கு வந்தது என்பதற்காக மட்டும் அது சான்றாகாமல் போய்விடாது என்பது பல பத்தாண்டுகளாக இருந்து வருகிற நிலைப்பாடு. இதில் ஒரு நுட்பத்தை மறக்கக் கூடாது. இந்தத் தீர்ப்புகள் ஆவணத்தையும் அதை வெளியிட்ட பத்திரிகையையும் காத்தன. ஆவணத்தைக் கொண்டுவந்து கொடுத்த ஊழியரை அவை காத்ததாகப் படித்துவிடக் கூடாது.

'வெளிப்படுத்துபவரைக் காக்க ஒரு சட்டம் இருக்கிறதே' என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். இருக்கிறது, ஏட்டில். 2014 மே மாதம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற அந்தச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை வெளியாகவே இல்லை. அதை நம்பி ஓர் அடிகூட எடுத்து வைக்காதீர்கள். இப்போது செயல்படுவது 2004-ஆம் ஆண்டின் மத்திய அரசுத் தீர்மானம். அதன்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு உறையிட்ட புகார் அனுப்பினால் அனுப்பியவர் பெயரை ஆணையம் மறைத்து வைக்கும். நெய்வேலி நிலக்கரி நிறுவனம் போன்ற மத்தியப் பொதுத்துறை நிறுவனத்தில் நடப்பதற்கு அது பொருந்தும். தமிழ்நாடு அரசின் மாவட்ட அலுவலகத்துக்குப் பொருந்தாது.

அந்தத் தீர்மானம் எப்படிப் பிறந்தது என்பதை அரசு ஊழியர்கள் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறியாளர் சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றி 2002-இல் பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். தம் பெயரை ரகசியமாக வைக்கும்படி அதிலேயே கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு மேசை மேசையாக நகர்ந்தது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளிகளின் நோக்கம் பற்றி வழக்கில் வேறு கதையும் சொல்லப்பட்டது, அதற்குள் நான் போகவில்லை. கேட்டுக்கொண்ட ரகசியத்தைக் கேட்டுக்கொள்ளப்பட்டவர்கள் காக்கவில்லை என்பது மட்டும் ஐயத்துக்கு இடமில்லாதது. ஓர் அரசு ஊழியர் உண்மையைச் சொல்வது சரியா தவறா என்று நாம் பக்கம் பக்கமாக விவாதிக்கிறோம். அவர் சொன்னதைக் கையில் வாங்கியவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அந்த அளவுக்கு விவாதிப்பதில்லை. என் அனுபவத்தில் பெரிய தவறுகள் நடப்பது வாங்கும் கைகளில்தான். அறத்தின் பாதிக்கு மேற்பட்ட சுமையும் அங்கேதான் இருக்கிறது.

போஃபர்ஸ் பீரங்கிக் கொள்முதல் விவகாரத்தில் பத்திரிகையாளர் சித்ரா சுப்பிரமணியத்துக்கு ஆவணங்களைக் கொடுத்தவர் ஸ்வீடன் காவல்துறையில் அந்த விசாரணைக்குத் தலைமை தாங்கிய ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம் என்பது 2012-இல்தான் உலகுக்குத் தெரிந்தது, அதுவும் அவரே முன்வந்து சொன்னதால். கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு அந்தப் பெயரைக் காத்ததை அந்தச் செய்திக்கு நிகரான சாதனையாகவே நான் கருதுகிறேன். கொடுப்பவரும் இப்படிப் பொறுப்போடு நடந்துகொள்ள முடியும். வியட்நாம் போர் பற்றிய அமெரிக்க அரசின் ரகசிய வரலாற்றை 1971-இல் பத்திரிகைகளுக்குக் கொடுத்த டேனியல் எல்ஸ்பெர்க், அதன் 47 தொகுதிகளில் சமாதானப் பேச்சுவார்த்தை தொடர்பான 4 தொகுதிகளைப் பத்திரிகைகளுக்குக் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டார். போர் முடிவதற்கான பேச்சு கெட்டுவிடக் கூடாது என்பது அவர் கவலை. எதைக் கொடுப்பது என்பதில் துணிவும், எதைக் கொடுக்காமல் விடுவது என்பதில் நிதானமும் ஒரே மனிதரிடம் இருந்தன.

நம் ஊர் அளவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆள், அலுவலகம், பத்திரிகை எதையும் அடையாளம் காட்டமாட்டேன். ஒரு இளநிலை உதவியாளர் குறிப்புக் கோப்பின் ஒரு பக்கத்தை நகலெடுத்து நிருபரிடம் கொடுத்தார். செய்தி உண்மை, தேவையான செய்தியும்கூட. ஆனால் அந்தப் பக்கத்தை அப்படியே படமாக அச்சிட்டுவிட்டார்கள். வண்ணத்தில் வந்த அந்தப் படத்தின் ஓரத்தில் அதிகாரியின் பச்சை மைச் சுருக்கொப்பமும், அதன் கீழே பிரிவுக் கண்காணிப்பாளர் பென்சிலில் போட்டிருந்த ஒரு சரிக்குறியும் தெரிந்தன. பென்சில் குறி விழுந்ததற்கும் அது அழிக்கப்பட்டதற்கும் இடைப்பட்ட சில மணி நேரத்தில் கோப்பு யார் மேசையில் இருந்தது என்பதை, கோப்புகளின் நடமாட்டத்தை எழுதி வைக்கும் தன்பதிவேடு காட்டிக்கொடுத்தது. மறுநாள் பிற்பகலே அவர் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்தார். அந்த வழக்கை நடத்தியபோது என்னை வாட்டியது தண்டனை அல்ல. படத்தை வெளியிடாமல் செய்தியை மட்டும் எழுதியிருந்தாலும் அதே பயன் கிடைத்திருக்கும் என்பதுதான்.

பத்திரிகைக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். வெளியிடும் முன்பே தடுப்பதற்கு அரசுக்கோ அதிகாரிகளுக்கோ உரிமை இல்லை என்பது 1994-இல் 'நக்கீரன்' இதழ் தொடர்பான ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடக் கூடாது என்று சிறைத் துறைத் தலைவர் எழுதிய கடிதத்திலிருந்து எழுந்த வழக்கு அது. ஆனால் செய்தி தந்தவர் பெயரைச் சொல்லமாட்டேன் என்று நிருபர் நீதிமன்றத்தில் நிற்பதற்கு இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. பத்திரிகை மன்றச் சட்டம் 1978, மன்றத்தின் முன்னால் அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது, அவ்வளவே. 1983-இல் சட்ட ஆணையம் சாட்சியச் சட்டத்தில் ஒரு புதிய பிரிவு சேர்க்கச் சொல்லியும் சேர்க்கப்படவில்லை. 2021-இல், கைப்பேசிகளை உளவு பார்க்கும் பெகாசஸ் மென்பொருள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் செய்தி மூலத்தைக் காப்பதன் முக்கியத்துவத்தைப் பேசியது. ஒரு குறிப்பிட்ட நிருபர் ஒரு குறிப்பிட்ட காவல் நிலையத்தில் கைப்பேசியைக் கொடுக்க மறுக்கலாமா என்பது இன்னமும் தெளிவாகாத இடம். பாரதி புதுச்சேரிக்கு வந்த 1908-ஆம் ஆண்டிலேயே இந்தப் பிரச்சினை நம்மிடம் இருந்தது. 'இந்தியா' இதழில் வந்தவற்றுக்காகச் சென்னையில் கைதாகி 5 ஆண்டு தண்டனை பெற்றவர், சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன். கருத்து பிரெஞ்சு எல்லைக்குள் வந்து பிழைத்துக்கொண்டது. பெயர் பதிவாகியிருந்தவர் சிறைக்குப் போனார்.

இனி நியாயத்துக்கு வருகிறேன். அரசு ஊழியர் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர் என்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான குழந்தையின் பெயர், சாட்சியின் முகவரி, திறக்கப்படாத ஒப்பந்தப் புள்ளி, தேர்வுக்கு முந்தைய வினாத்தாள், சோதனை நடத்தப்போகும் நாள், கடலோரக் காவலின் ரோந்து நேரம் ஆகியவற்றை வெளியே விடுபவர் ஒரு தனி மனிதரையோ பொதுமக்களையோ காயப்படுத்துகிறார். அவருக்காக நான் வாதாடினாலும் அவர் செய்ததை நியாயம் என்று சொல்லமாட்டேன். இந்த ரகசியங்கள் எல்லாம் யாரைக் காக்கின்றன என்று பார்த்தால், மக்களில் ஒருவரை அல்லது எல்லோரையும். குடிநீர் அறிக்கை யாரைக் காப்பதற்காக உறைக்குள் போனது? அந்தத் தண்ணீரைக் குடிப்பவரிடமிருந்து அந்தத் தண்ணீரைப் பற்றிய உண்மையை மறைக்க எந்த அதிகாரிக்கும் அறவழியில் உரிமை இல்லை. 'ரகசியம்' என்ற எழுத்து அந்த உரிமையை உண்டாக்கிவிடாது. சிப்காட் தொழிற்சாலை வளாகமும் உப்பனாறும் இருக்கிற கடலூரை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2009-இல் கடுமையாக மாசடைந்த பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. அப்படிப்பட்ட மாவட்டத்தில் இதைத் தெரியப்படுத்துவது துரோகம் என்று யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

என் ஐயம் வேறிடத்தில் இருக்கிறது. இரண்டு அறிக்கைகள் இருப்பதாலேயே ஒன்று பொய் ஆகிவிடாது. முதல் மாதிரியைத் துருப்பிடித்த குழாயிலிருந்து எடுத்திருக்கலாம், பாட்டில் சுத்தமில்லாமல் இருந்திருக்கலாம், மறுபரிசோதனையை முறைப்படி கேட்டிருக்கலாம். குடிநீரில் ஈயத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்த வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அவ்வளவு நுண்ணிய அளவைக் கண்டறிய இயலாத கருவியில் சோதித்துவிட்டு 'கண்டறியப்படவில்லை' என்று எழுதுவதும் நடக்கிறது. மோசடி என்று நினைத்து ஓர் அதிகாரியின் பெயரோடு செய்தி வந்துவிட்டு, நடந்தது மறுபரிசோதனை என்று தெரிந்தால், அவருக்கு நேர்ந்த இழிவைத் திருத்தம் போட்டு அழிக்க முடியாது. இது அவர் தரப்புக்காக மட்டும் சொல்வது அல்ல. ஒருமுறை பொய்த்துப்போன செய்தி, அந்தக் கிராமத்தின் தண்ணீரைப் பற்றி யாரும் மறுபடி பேச முடியாதபடி செய்துவிடும்.

ஆகவே நான் சொல்லும் வழி இது. உங்கள் கையில் இருக்கும் படம் உண்மைக்குக் கடைசி வழி, முதல் வழி அல்ல. அறிக்கையைப் பூட்டி வைக்க முடியும். கிணறு ஊரின் நடுவில் இருக்கிறது. அந்த ஊரைச் சேர்ந்த யாராவது, மாவட்டத்துக்கு வெளியே அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்று தரும் பாட்டிலில், நான்கைந்து பேர் முன்னிலையில், குழாயைச் சிறிது நேரம் திறந்துவிட்டபின் தண்ணீர் பிடித்து, தேதியும் இடமும் எழுதி அனுப்பட்டும். ஈயம் ஒரே நாளில் கொல்வதில்லை. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை மெல்லமெல்லக் கெடுக்கிறது, எனவே மாதக்கணக்கில் காத்திருக்கவும் கூடாது. சோதனை முடிவு வரும்வரை வேறு தண்ணீரைப் பயன்படுத்தச் சொல்வதற்கு எந்தக் கோப்பும் தேவையில்லை. அதே சமயம் தகவல் உரிமை மனு போகட்டும், உங்கள் பெயரில் அல்ல. நகல் மட்டுமல்ல, கோப்பையே நேரில் பார்வையிடவும் அந்தச் சட்டத்தில் உரிமை உண்டு. எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் கேட்கக் கூடாது. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அதன்பின் தமிழ்நாட்டு அலுவலகம் என்றால் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம், புதுச்சேரி அலுவலகம் என்றால் டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையம். மனுதாரர்களுக்கும் ஆபத்து இல்லாமல் இல்லை. அதனால் வீட்டு முகவரிக்குப் பதில் அஞ்சல் பெட்டி எண் போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-இல் சொன்னதை மனு எழுதுபவர் தெரிந்துகொள்வது நல்லது.

இவை எல்லாம் அடைபட்டால் நிருபரிடம் போவதை நான் தவறென்று சொல்லமாட்டேன். போகும் முன் அவரிடம் சிலவற்றைக் கேளுங்கள். படத்தை அச்சிடுவாரா? கோப்பு எண்ணைச் சொல்லி அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்வாரா? உங்கள் பெயர் ஆசிரியருக்குத் தெரியுமா, அவரைத் தாண்டி யாருக்குத் தெரியும்? காவல்துறை வந்து கேட்டால் என்ன செய்வதாக இருக்கிறார்கள்? இவற்றுக்குத் தயக்கமில்லாத பதில் வராத இடத்தில் எதையும் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள், அலுவலகக் கணினியிலிருந்தும் அனுப்பாதீர்கள். நேரில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். ஆலோசனைக்காக நீங்கள் சொல்வதை உங்கள் சம்மதமின்றி அவர் வெளியே சொல்ல சாட்சியச் சட்டம் அனுமதிப்பதில்லை. குடும்பத்தை நினைத்து இவை எதையும் செய்யாமல் படத்தை அப்படியே வைத்திருக்க முடிவு செய்தாலும், உங்களைப் பழிக்க எனக்கு உரிமை இல்லை. மற்றவர் குடும்பத்தைப் பணயம் வைத்து அறம் பேசுவது எனக்கு உடன்பாடானது அல்ல. ஆனால் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லி ஊரில் நம்பகமான ஒருவரிடம் வாய்ச்சொல்லாகச் சொல்வதற்கும் படத்தைக் கொடுப்பதற்கும் பெரிய இடைவெளி உண்டு. வாய்ச்சொல்லும் தகவல் தெரிவித்தல்தான் என்று ஒருவர் வாதிட இடமிருந்தாலும், அதில் உங்கள் தடம் மிகக் குறைவு.

மனு எழுதப்போகிறவருக்கு ஒன்று சொல்லி அனுப்புங்கள். ஊராட்சிக்கு வந்த இரண்டாவது அறிக்கை ஏற்கெனவே வெளியே இருக்கிற ஆவணம். அதில் மாதிரி எண்ணும், மாதிரி எடுத்த தேதியும், ஆய்வகத்தின் பெயரும் இருக்கும். மனு அதிலிருந்து தொடங்கட்டும். 'இந்த எண்ணுள்ள அறிக்கைக்கு உரிய கோப்பு முழுவதையும், அதே கிணற்றிலிருந்து கடந்த ஓராண்டில் எடுத்த எல்லா மாதிரிகளின் முடிவுகளையும் பார்வையிட வேண்டும்' என்று கேட்டால் போதும். உறையிட்ட முதல் அறிக்கை இருக்கிறது என்று தெரிந்ததாக மனுவில் எங்கும் காட்டிக்கொள்ள வேண்டாம்.